செராம்பூர்த் தீயும் பொறுப்பேற்றலும்

செராம்பூர் என்னும் பெயர் நம் இறையியல் மாணவருக்குப் பெரும்பாலும் தேர்வுத்தாளின் தலைப்பிலும் பட்டச் சான்றிதழின் முகப்பிலுமே பழக்கமானது. 1818ஆம் ஆண்டில் அங்கே ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. 1827ஆம் ஆண்டில் டென்மார்க் அரசர் அதற்குப் பட்டமளிக்கும் உரிமையை வழங்கினார். 1918ஆம் ஆண்டின் செராம்பூர்க் கல்லூரிச் சட்டம் அவ்வுரிமையை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் பயின்ற குருமாரில் பலர் ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள அச்சிற்றூரை ஒருமுறையேனும் கண்டவரல்லர். ஆயினும் அதன் பட்டத்தைத் தாங்கியே சபைகளுக்குச் செல்கின்றனர். கல்லூரி தோன்றுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூரில் நிகழ்ந்த ஒரு தீ விபத்தையும், அதனை எதிர்கொண்டோர் நடந்துகொண்ட முறையையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

இந்நிகழ்ச்சி நம் பிரசங்கபீடங்களுக்குப் புதியதன்று. மிஷனெரி ஞாயிறுகளில் அது பலமுறை எடுத்தாளப்படுகிறது. கேரி பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த உழைப்பு ஓரிரவில் சாம்பலாயிற்று. அவர் கலங்காமல் எழுந்து மீண்டும் தொடங்கினார். முன்னிலும் சிறப்பாக யாவற்றையும் முடித்தார். ஆகவே நீங்களும் கலங்காதிருங்கள் என்பதே வழக்கமான உரை. துன்பம் நம் தேர்வன்று, அதை எதிர்கொள்ளும் முறையே நம் பொறுப்பு என்ற கருத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். கருத்தில் உண்மை உண்டு. ஆயின் வரலாறு அவ்வளவு எளிதாக ஒரே மனிதரின் மனவுறுதிக்குள் அடங்கிவிடுகிறதா என்பதே நம் கேள்வி. அவ்வாறு அடக்கிச் சொல்வதால் சபையில் சிலர் காயப்படுகின்றனர் என்பதால் இக்கேள்வி நமக்கு வெறும் வரலாற்றாய்வு ஆகாது.

முதலில் நிகழ்ந்ததைக் காண்போம். 1812ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மாலை ஆறு மணியளவில் வில்லியம் வார்ட் அச்சகத்தில் தம் மேசையருகே அமர்ந்திருந்தார். அச்சகம் ஏறத்தாழ 200 அடி நீளமுள்ள கட்டடம். அதன் தெற்குக் கோடியில் காகிதக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து புகை கிளம்பியதை வார்ட் கண்டார். அவர் செய்த முதற்செயல் கதவுகளையும் சாளரங்களையும் அடைக்கச் செய்ததே. காற்றுப் புகாவிடில் நெருப்பு அடங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்பு ஆட்களுடன் கூரைமேல் ஏறி, அதில் துளையிட்டு, அதன் வழியே நீர் ஊற்றுவித்தார். சில மணிநேரம் இவ்வாறு போராடியபின் நெருப்பு ஏறக்குறைய கட்டுக்கு வந்ததாகவே தோன்றியது. அவ்வேளையில் உதவி செய்யும் எண்ணத்துடன் யாரோ ஒருவர் சாளரங்களைத் திறந்துவிட்டார். காற்று உட்புகுந்தது, கட்டடம் முழுவதும் பற்றிக்கொண்டது, நள்ளிரவுக்குள் கூரை சரிந்து விழுந்தது.

அழிந்தவற்றின் பட்டியல் நீண்டது. கீழை மொழிகள் பலவற்றின் வார்த்த எழுத்துகள் உருகின. அச்சிட்டு மடிக்கப்படாதிருந்த தாள்கள் பல்லாயிரம் எரிந்தன. 1811ஆம் ஆண்டில் தோன்றிய கல்கத்தா துணை வேதாகமச் சங்கம் தமிழ்க் கிறிஸ்தவருக்கெனப் பெப்ரிசியஸ் ஐயரின் புதிய ஏற்பாட்டை அச்சிடும் வேலையை செராம்பூரிலேயே ஒப்படைத்திருந்தது. ஆகவே இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய காகிதமும், புதிதாக வார்த்த தமிழ் எழுத்துகளும் அத்தீயில் மாய்ந்தன. தஞ்சை, திருநெல்வேலிச் சபைகளில் வேதாகமம் அரிதாயிருந்த காலம் அது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தும் நம் முன்னோருள் பலர் அதைச் சொந்தமாய்க் கையிலேந்தியதில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ளுதல் தகும். செராம்பூர்த் தீ அவர்களையும் தொட்டது.

பணமதிப்பில் இழப்பு ஏறத்தாழ 10,000 பவுன். பணத்தால் மதிப்பிட இயலாதவை கேரியின் கையெழுத்துப் படிகள். கன்னடப் புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி, சமஸ்கிருதத்தில் பழைய ஏற்பாட்டின் சில பகுதிகள், தெலுங்கு இலக்கணம், வங்காள அகராதியின் பல பக்கங்கள், இந்திய மொழிகளை ஒப்பிட்டுத் தொகுத்துவந்த பன்மொழி அகராதிக்குரிய குறிப்புகள் ஆகியவை போயின. நகல் என்று சொல்லத்தக்கது எதுவும் அக்காலத்தில் இல்லை.

அன்றிரவு கேரி ஊரில் இல்லை. வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி கற்பிக்கும் ஆசிரியராகக் கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் யோசுவா மார்ஷ்மன் படகேறிச் சென்று செய்தியைச் சொன்னார். கேரி சிறிதுநேரம் பேச இயலாதவரானார். கல்கத்தாவின் ஆங்கிலிக்கக் குருவான தாமஸ் தாமசன் அவருடன் செராம்பூருக்கு வந்து இடிபாடுகளைப் பார்வையிட்டார். புகை இன்னும் அடங்கவில்லை. அங்கே நடந்துகொண்டிருந்த கேரியின் கண்களில் நீர் நிறைந்திருந்ததை அவர் பதிவு செய்துள்ளார். கேரி கலங்கவில்லை என்று நாம் சொல்லிவருவது இதனால் பொருந்தாது. அவர் கலங்கினார். கலக்கமின்மையைப் பொறுப்பேற்றலோடு ஒன்றாக்குவது ஸ்தோயிக்கரின் மரபு. சங்கீதங்களின் மரபு அதுவன்று.

அடுத்த ஞாயிறன்று கேரி 46ஆம் சங்கீதத்திலிருந்து, அமர்ந்திருந்து தேவனை அறியும்படி சொல்லும் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். நம்மையும் நம் உழைப்பையும் கடவுள் தம் விருப்பப்படி கையாளும் உரிமையுடையவர் என்பதும், அதற்கு இணங்குவது மனிதனின் கடமை என்பதும் அவர் எடுத்துக்கொண்ட தலைப்புகள். அவரது இறையியல் கால்வினின் வழிவந்தது. துன்பத்தைத் தேவனுடைய நேரடியான கரமாகவே அது கண்டது. தமக்கும் தோழருக்கும் வந்த அடி தங்களைத் தாழ்த்துவதற்கே என்றும், தங்கள் கைவேலையின்மேல் நம்பிக்கை மிகுந்துபோயிருக்கலாம் என்றும் அவர் எழுதினார். இவ்விளக்கத்தை இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் அதில் கருதத்தக்க ஒன்று உண்டு. அவர் தம்மைப் பற்றியும் தம் கூட்டத்தாரைப் பற்றியுமே அவ்வாறு சொன்னார். சாளரத்தைத் திறந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீயின் காரணம் உறுதியாக அறியப்படவில்லை. யாரோ வேண்டுமென்றே வைத்த தீயாக இருக்கலாம் என்ற ஐயமும் அந்நாளில் எழாமலில்லை. எனினும் மூவரும் குற்றவாளியைத் தேடுவதில் தங்கள் நாள்களைச் செலவிடவில்லை.

அவர்கள் தேடியது வேறு. காலையில் வார்ட் சாம்பலைக் கிளறத் தொடங்கினார். எழுத்து வார்க்கும் தொழிலின் அமைப்பை இங்கே சற்று விளக்குதல் நலம். ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் முதலில் எஃகு முளையொன்றின் நுனியில் செதுக்கப்படும். அம்முளையைச் செப்புத் துண்டில் அறைந்து குழிவடிவம் பெறுவர். அக்குழியில் ஈயக்கலவையை உருக்கி ஊற்றினால் அச்செழுத்து கிடைக்கும். ஈய எழுத்து தேயும், உருகும். எத்தனை முறையும் வார்த்துக்கொள்ளலாம். முளையும் குழியுமே முதல். அவற்றைச் செதுக்க ஆண்டுகள் பல ஆகும். இடிபாடுகளுள் ஆயிரக்கணக்கான முளைகளும் குழியச்சுகளும் சேதமின்றிக் கிடந்தன. உருகிய உலோகம் மூன்றரை டன்னுக்குமேல் திரட்டப்பட்டது. அச்சுப்பொறிகள் ஐந்தும் பக்கத்து அறையில் இருந்தமையால் தப்பின. வணிக நிறுவனம் ஒன்று வாடகைக்கு வைத்திருந்த பெரிய கிடங்கு சில நாள்களுக்கு முன்னரே காலியாகியிருந்தது. பொறிகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. எழுத்து வார்ப்போர் முறைவைத்து இரவும் பகலும் உழைத்தனர். சில வாரங்களுள் அச்சுவேலை மீண்டும் தொடங்கிற்று. ஆண்டின் நடுப்பகுதிக்குள் பல மொழிகளில் அது நடைபெற்றது. தமிழ்ப் புதிய ஏற்பாடும் ஓரிரு ஆண்டுகளுள் வெளிவந்தது.

எழுத்து வார்ப்போர் என்று ஒரு சொல்லில் கடந்துசெல்வதே நம் நூல்களின் வழக்கம். அவர்கள் யார்? செராம்பூர் எழுத்துகளின் முதல் ஆசான் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்காளக் கொல்லர். சார்லஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் எழுத்துச் செதுக்கும் கலையைக் கற்று, செராம்பூருக்கு வந்து, அங்கே ஒரு வார்ப்படச் சாலையையே உருவாக்கினார். தீ நிகழ்ந்தபோது அவர் உயிரோடில்லை. அவருடைய மருமகன் மனோகர் அத்தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். மனோகர் கிறிஸ்தவராகவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேதாகமத்திற்கு எழுத்துச் செதுக்கிய கைகள் அவருடையவை. கேரியின் மனவுறுதி எத்துணைப் பெரிதாயினும், முளைகளைச் செதுக்கி வைத்திருந்த பஞ்சானனும், அவற்றைக்கொண்டு வார்க்கத் தெரிந்த மனோகரும் அவருடைய தொழிலாளரும் இல்லையெனில் 1812ஆம் ஆண்டில் அங்கே மீட்சி என்று ஒன்று நிகழ்ந்திராது. தீயை எதிர்கொண்ட செயல் ஒருவருடைய உள்ளத்தில் மட்டும் நிகழவில்லை. தீக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே மற்றவர்களின் கைகளில் தொடங்கியிருந்தது.

இங்கிலாந்தில் பாப்டிஸ்டு மிஷனெரி சங்கத்தின் செயலரான ஆண்ட்ரூ ஃபுல்லருக்குச் செய்தி செப்டம்பரில் எட்டியது. கடல்வழியில் ஒரு கடிதம் சென்றுசேர அக்காலத்தில் ஆறு மாதங்கள் ஆயின. ஃபுல்லர் ஊரூராகச் சென்று காணிக்கை திரட்டினார். ஏறத்தாழ இரண்டு மாதங்களுள் இழப்பு முழுவதற்கும் ஈடான தொகை சேர்ந்தது. பாப்டிஸ்டுகள் மட்டுமன்றி ஆங்கிலிக்கரும் பிறரும் கொடுத்தனர். இனி வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லும் நிலைகூட ஏற்பட்டது. செராம்பூர் என்னும் பெயரை அதுவரை அறியாதிருந்த இல்லங்களிலும் அத்தீயின் ஒளியால் அது அறிமுகமாயிற்று.

இவ்விடத்தில் ஃபுல்லர் செய்த செயல் நமக்கு மிகவும் மதிப்பு வாய்ந்ததாகத் தோன்றுகிறது. பணம் சேர்ந்த களிப்பிலேயே அவர் கேரிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று எழுதினார். தீ உங்களுக்குத் தந்த புகழ் என்னை நடுங்கச் செய்கிறது. பொதுமக்கள் இப்போது நமக்குத் தூபங்காட்டுகின்றனர். அதை நாம் முகர்ந்தோமானால் கடவுள் தம் ஆசியை நீக்கிவிடமாட்டாரா என்பது அதன் கருத்து. இழப்பை எதிர்கொள்ளும் பொறுப்பைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். இழப்பை நன்கு எதிர்கொண்டதற்காகக் கிடைக்கும் புகழை எதிர்கொள்ளும் பொறுப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வெள்ளத்திலும் புயலிலும் சபையார் செய்த நற்பணியின் அறிக்கைகளைப் படங்களோடு வெளியிடும் நம் காலத்தவருக்கு அக்கடிதம் பொருந்தாமற்போகவில்லை.

ஃபுல்லரின் அச்சம் முற்றிலும் வீணாகவில்லை என்றே வரலாறு காட்டுகிறது. இழந்தவை யாவும் இரட்டிப்பாகத் திரும்பின என்று நாம் சொல்லிவருகிறோம். தெலுங்கு இலக்கணம் 1814ஆம் ஆண்டில் அச்சேறியது உண்மை. வங்காள அகராதி 1815ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகளில் நிறைவுற்றதும் உண்மை. ஆனால் பன்மொழி அகராதி திரும்பவேயில்லை. கேரி அதனை மறுபடியும் தொடங்கவில்லை. அவர் நெடுங்காலம் எண்ணியிருந்த பெரிய நூல் அதுவாகவே இருந்திருக்கலாம். சில இழப்புகளுக்கு ஈடு இல்லை. அதைத் திரும்பத் தொடங்காமல் விட்டதிலும் ஒரு பொறுப்பு உண்டு என்று நாம் கருதுகிறோம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தமக்கு எஞ்சிய காலத்தில் எதைச் செய்ய இயலும், எதை விடவேண்டும் என்று தீர்மானிப்பது எளிதன்று.

மறுபுறம், விட்டிருக்கத்தக்க சிலவற்றை அவர்கள் விடவில்லை. தீக்குப் பின்னர் மொழிபெயர்ப்புகளின் எண்ணிக்கை மேலும் பெருகியது. ஒரு மொழியில் வல்ல பண்டிதரைக்கொண்டு, சமஸ்கிருதம் அல்லது வங்காள மூலத்தைத் துணையாகக்கொண்டு, மிஷனெரிகளே நன்கு அறியாத மொழிகளிலும் திருமறைப் பகுதிகள் விரைவாக வெளியிடப்பட்டன. அவற்றுள் பல, அம்மொழி பேசுவோருக்கே விளங்காதவையாக இருந்து, மறுபதிப்புக் காணாமல் வழக்கொழிந்தன. கூரை சரிந்த அந்த இரவு, இத்தனை மொழிகளில் இத்தனை விரைவு வேண்டுமா என்று நின்று சிந்திப்பதற்கும் ஒரு வாய்ப்பாக இருந்திருக்கும். மேற்கொண்ட பணியை உடனே மீட்டெடுக்கும் ஆற்றல் போற்றத்தக்கதே. ஆயின் அவ்வாற்றலே சில வேளைகளில் கேள்வி கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது. பொறுப்புடன் எதிர்கொள்ளுதல் என்பதும் முன்னிருந்ததையே முன்னிருந்தபடி எழுப்புதல் என்பதும் ஒன்றல்ல.

இனி, தீக்கதையைச் சொல்லும்போது நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடும் பக்கத்திற்கு வருவோம். கேரி 1781ஆம் ஆண்டில் டாரதி பிளாக்கெட் என்பவரை மணந்தார். இங்கிலாந்தில் இருந்தபோதே இரு பெண்குழந்தைகளை அவர்கள் இழந்தனர். 1793ஆம் ஆண்டில் கேரி இந்தியாவுக்குப் புறப்பட எண்ணியபோது டாரதி அம்மையார் நிறைகர்ப்பிணி. அவர் வர மறுத்தார். மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கிளம்பினார். கப்பல் தடைப்பட்டது. இதற்கிடையில் யாபேஸ் பிறந்தான். அவ்வேளையில் கேரியும் அவருடைய தோழர் ஜான் தாமசும் திரும்பி வந்து மீண்டும் வற்புறுத்தினர். பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த அம்மையார், தம் சகோதரி கேத்தரீன் உடன்வருவதாயின் தாமும் வருவதாக இசைந்தார். ஒரு நாளுக்குள் எடுக்கப்பட்ட முடிவு அது.

வங்காளத்தில் முதலாண்டு வறுமையிலும் வயிற்றுக்கடுப்பு நோயிலும் கழிந்தது. உடன்வந்த சகோதரி ஆங்கிலேயர் ஒருவரை மணந்து பிரிந்து சென்றார். 1794ஆம் ஆண்டில், முத்னாபதி என்னும் அவுரிச்சாயத் தொழில் ஊரில், ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். சாதி, சமயக் கட்டுப்பாடுகளின் காரணமாகச் சவப்பெட்டி செய்யவும் சுமக்கவும் ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. அதற்குப் பின்னர் டாரதி அம்மையாரின் மனம் நிலைகுலைந்தது. கணவர் தமக்குத் துரோகம் செய்வதாக நம்பி அவரைத் தெருவில் பின்தொடர்ந்து ஏசினார். நோய் முற்றிய காலத்தில் அவரை அறையில் அடைத்துக் காக்கவேண்டியதாயிற்று. 1807ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அவர் இறந்தார். யோசுவா மார்ஷ்மனின் மகன் ஜான் கிளார்க் மார்ஷ்மன் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட வரலாற்றில், பக்கத்து அறையில் மனைவி கூச்சலிட்டுக்கொண்டிருக்கையிலேயே கேரி மொழிபெயர்ப்பை நடத்திவந்த செய்தி இடம்பெற்றுள்ளது. நெடுங்காலம் இதுவும் கேரியின் விடாமுயற்சிக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்பட்டது. அம்மையாரை மையமாக வைத்து ஜேம்ஸ் பெக் 1992ஆம் ஆண்டில் தனி நூல் எழுதிய பின்னரே பலரும் அந்தப் பக்கத்து அறையின் உள்ளே நோக்கத் தொடங்கினர்.

கேரியைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. மனநோய்க்கு மருத்துவம் என்று சொல்லத்தக்கது அக்காலத்தில் இல்லை. கல்கத்தாவில் மனநோயாளர் காப்பகம் இருந்தும், அதன் நிலையை அறிந்து, மனைவியை அங்கே அனுப்ப அவர் மறுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துக் காத்தார். இது சிறிதன்று. எனினும், அதே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் கட்டுப்பாடின்றித் திரிந்ததை 1799ஆம் ஆண்டில் செராம்பூருக்கு வந்த மார்ஷ்மனின் மனைவி அன்னாள் அம்மையார் கண்டார். கேரி தீமையைக் கண்டு வருந்தினாரேயன்றி, அதை நீக்கும் உறுதி அவரது மென்மையான இயல்பில் இல்லை என்று அவர் கணித்தார். அச்சகத்தின் சாம்பலை ஒரு காலையில் எதிர்கொள்ள முடிந்த வீட்டாரால், தங்கள் நடுவிலிருந்த இச்சாம்பலை ஆண்டுக்கணக்கில் எதிர்கொள்ள இயலவில்லை. அச்சகத்திற்கு முளைகள் எஞ்சியிருந்தன. டாரதி அம்மையாருக்கு எஞ்சியிருந்தது என்ன?

இங்கேதான் பிரசங்கியின் பொறுப்பு எழுகிறது. துன்பத்தை எதிர்கொள்ளும் முறை உன் கையில் உள்ளது என்ற சொல்லை அம்மையாரிடம் சென்று சொல்லியிருந்தால் அது என்னவாகியிருக்கும்? எதிர்கொள்ளும் கருவியே உடைந்துபோன ஒருவரிடம் அச்சொல் இரண்டாம் சுமையாகவே விழும். யோபின் நண்பர்கள் துன்பத்தின் காரணத்தை அவன் தலையில் வைத்தனர். நாம் துன்பத்தின் விளைவை வைக்கிறோம். சுமை வேறாயினும் தலை ஒன்றே. பிறவிக் குருடனைப் பற்றி யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோதும், சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோரைப் பற்றிய பேச்சின்போதும் நம் ஆண்டவர் கேள்வியின் முகத்தையே திருப்பிவிட்டார். பாடுபட்டவனை ஆராய்வதை நிறுத்தி, சுற்றிநின்று பார்த்தவர்களை அவர் நோக்கினார். குருடனுக்காகச் செய்யவேண்டிய கிரியை ஒன்று இருந்தது, மனந்திரும்பவேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்களாயிருந்தனர். இவ்விரு பகுதிகளையும் ஒருசேர வாசிக்கும்போது, எதிர்கொள்ளும் பொறுப்பு முதலில் யாருக்கு உரியது என்பதில் நம் வழக்கமான உரை இடம்மாறி நிற்பது விளங்கும்.

தன்னிரக்கத்தில் மூழ்கிச் செய்யத்தக்கதையும் செய்யாதிருப்போர் சபையில் உண்டு. அவர்களிடம் பேசவேண்டிய கடுஞ்சொல்லைப் பேசாத ஆயர் கடமை தவறியவரே. நலமுள்ளவரிடமும் அதிகாரமுள்ளவரிடமும் தயங்காமல் சொல்லத்தக்க சொல் அது. முதலில் நம்மிடமே சொல்லிக்கொள்ளத்தக்கது. துயரவீட்டின் வாசலில் நின்று உள்ளே இருப்பவரிடம் சொல்லத்தக்கதா என்பதை அவ்வீட்டின் நிலையை அறிந்த பின்னரே தீர்மானிக்கவேண்டும். இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாளில் விதவைக்கு யோபின் பொறுமையை எடுத்துரைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை.

செராம்பூரில் வேறொரு வகையான எதிர்கொள்ளலும் நிகழ்ந்தது. அது தீக்கதைபோல் பெயர்பெறவில்லை. தாய் நோயிலும் தந்தை ஏடுகளிலும் இருந்த அந்நாள்களில், அடங்காத சிறுவனான ஃபீலிக்ஸை வில்லியம் வார்ட் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அச்சுத்தொழிலைக் கற்பித்தார், விசுவாசத்திலும் வழிநடத்தினார். அவன் வளர்ந்து, 1807ஆம் ஆண்டில் பர்மாவுக்குச் சென்று பணியாற்றினான். 1814ஆம் ஆண்டில் ஃபீலிக்ஸ் தம் குடும்பத்தாருடனும் ஓர் அச்சுப்பொறியுடனும் ஆவா நகரை நோக்கி ஐராவதி ஆற்றில் சென்றபோது படகு கவிழ்ந்தது. மனைவியும் பிள்ளைகளும் மாண்டனர். அச்சுப்பொறியும் கையெழுத்துப் படிகளும் மூழ்கின. தந்தை தீயில் இழந்ததை மகன், இரண்டு ஆண்டுகள் கழித்து, நீரில் பன்மடங்காக இழந்தார். அவரால் எழ இயலவில்லை. பர்மிய அரசரின் தூதராகச் சிலகாலம் கல்கத்தாவில் ஆடம்பரமாக வாழ்ந்தார், கடன்பட்டார், அப்பதவியையும் இழந்தபின் கிழக்கெல்லை நாடுகளில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிலையின்றி அலைந்தார். அவர் மிஷனெரி நிலையிலிருந்து தூதர் நிலைக்குச் சுருங்கிவிட்டார் என்ற கருத்தில் தந்தை வருந்தி எழுதியது பலமுறை எடுத்துக்காட்டப்படும் செய்தி. மகனின் துயரத்தைவிட அவ்வாசகமே நம் நூல்களில் அதிகமாக இடம்பெற்றுள்ளது.

1818ஆம் ஆண்டில் வார்ட் சிட்டகாங்கில் அவரைக் கண்டார். பல ஆண்டுகளுக்கு முன் அச்சகத்தில் தம் பக்கத்தில் நின்ற சிறுவனை அந்நிலையில் கண்ட அவர், பேசி இணக்கி, செராம்பூருக்கு அழைத்துவந்தார். ஃபீலிக்ஸ் அதன்பின் நான்கு ஆண்டுகளே வாழ்ந்தார். அந்நான்கு ஆண்டுகளில் தந்தையின் மொழிபெயர்ப்புகளுக்குத் துணைநின்றார், அச்சுத்தாள்களைத் திருத்தினார், உடலமைப்பியல் பற்றி வங்காள மொழியில் ‘வித்யாஹாராவளி’ என்னும் நூலை 1820ஆம் ஆண்டில் வெளியிட்டார், ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தையும் வங்காளத்தில் பெயர்த்தார். 1822ஆம் ஆண்டு நவம்பரில் அவர் இறந்தபோது வயது முப்பத்தேழு. நான்கு மாதங்கள் கழித்து, 1823ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், வார்டும் காலமானார்.